நம்பர் அழிந்த ஷாக்குக்கு டேப் போதும்

கேள்வி: இருபது வருடத்துக்கு மேல் ஓடிய பழைய ஜீப் வைத்திருக்கிறேன் ஐயா. பின்பக்க ஷாக் அப்சார்பர் (ஆட்டத்தை அடக்கும் குழாய்) இரண்டும் ஆயில் கக்கிவிட்டன, ஒகேனக்கல் இறக்கத்தில் வளைவுக்கு வளைவு வண்டி அலைகிறது. ஷாக்கில் இருந்த நம்பர் அழிந்துபோச்சு. தர்மபுரியில் கேட்ட கடையிலெல்லாம் நம்பர் சொல்லுங்க என்கிறார்கள். ஒருவர் மட்டும் பழசைக் கழற்றிக் கொண்டுவாங்க, பக்கத்தில் வைத்துப் பார்த்து அதே நீளத்தில் தருகிறேன் என்றார். செய்யலாமா? மாங்காய் சீசன் லோடுக்காகப் பின்பக்க ஸ்பிரிங்கில் ஒரு பிளேட் கூடுதலாகப் போட்டிருக்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.
- வாசகர், பென்னாகரம்

பதில்: கடைசியாகச் சொன்னீர்களே, அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்! பிளேட் சேர்த்ததும் வண்டி தூக்கி நின்றிருக்கும், ஷாக் எப்போதும் கொஞ்சம் இழுபட்ட நிலையிலேயே ஓடியிருக்கும். அது ஆயில் கக்கியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அதே நீளத்தில் புதுசு வாங்கினால் அதே கதைதான் திரும்பும். அதனால் பழசை அளக்காதீர்கள், வண்டியை அளங்கள்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஷாக்கின் மேல் போல்ட்டின் நடுவிலிருந்து கீழ் போல்ட்டின் நடு வரை டேப் பிடியுங்கள். 430 மி.மீ. வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து, சேஸிஸில் (வண்டியின் அடிச்சட்டம்) இருக்கும் பம்ப் ரப்பருக்கும் (பள்ளத்தில் ஆக்சில் மேலேறி இடிக்காமல் தாங்கும் ரப்பர்) ஆக்சிலுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். அது 90 என்றால், பெரிய பள்ளத்தில் விழும்போது ஷாக் 340 வரை சுருங்கும், ரப்பரும் நசுங்கும் என்பதால் இன்னும் 15 கழித்து 325. புது ஷாக்கை முழுசாக அமுக்கினால் வரும் நீளம் இதற்கு மேல் போகவே கூடாது. போனால் ரப்பர் வேலை செய்வதற்கு முன்பே ஷாக்கின் உள்ளே பிஸ்டன் அடியில் இடிக்கும், வண்டியின் கனமெல்லாம் ஷாக் மேல் இறங்கும், ராடு வளையும் அல்லது மேல் பிராக்கெட் பிய்ந்து வரும். ஷாக் சாய்வாக மாட்டியிருந்தால் ஆக்சில் ஏறும் அளவுக்கு அது சுருங்காது, அப்போது இந்தக் கணக்கில் உங்களுக்குக் கூடுதல் இடம்தான் கிடைக்கும்.

இனி மறுபக்கம். ஆக்சிலுக்கு அடியில் அல்ல, சேஸிஸுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, ஸ்டாண்ட் வைத்து (வெறும் ஜாக்கியை நம்பி உள்ளே புகுந்துவிடாதீர்கள்), பழைய ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றிச் சக்கரத்தைத் தொங்கவிடுங்கள். அதைக் கழற்றாமல் அளந்தால் பழைய ஷாக்கே ஆக்சிலைப் பிடித்துக்கொண்டு நிற்கும், பொய் அளவு வரும். இப்போது 490 என்றால், புதுசை முழுசாக இழுத்தால் 505-க்குக் குறையாமல் வர வேண்டும். குறைந்தால் ஆக்சில் ஷாக்கில் தொங்கும்.

ஆக, கடையில் கேட்க வேண்டியது நம்பர் இல்லை. அமுக்கினால் 325-க்குள், இழுத்தால் 505-க்கு மேல், இரண்டு முனையும் கண்ணா (போல்ட் நுழையும் வளையம்), ஒரு முனை திருகுக் கம்பியா, கண்ணுக்குள் இருக்கும் ரப்பர் புஷ்ஷில் என்ன போல்ட் நுழையும், புஷ் அகலம் எவ்வளவு என்பதுதான். புஷ் சேராவிட்டால் பரவாயில்லை, அதை மாற்றிக்கொள்ளலாம். நீளம் சேராவிட்டால் கண்ணை அறுத்து நீட்டி வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொல்லக்கூடும், கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். சூட்டில் சீல் போய்விடும், கேஸ் ஷாக்காக இருந்தால் வெடிக்கவும் செய்யும்.

டேப் சொல்லாத ஒன்று, ஷாக்கின் விறைப்பு. கனமான லோடு வண்டியின் ஷாக் அளவில் கச்சிதமாக உட்கார்ந்தாலும், உங்கள் ஜீப் காலியாகப் போகும்போது பின்பக்கம் குதித்துக்கொண்டே இருக்கும். உங்கள் வண்டியளவு எடையுள்ள வண்டிக்கு வருவதையே கேளுங்கள். ஒன்று தெரியுமா, லோடைத் தாங்குவது பிளேட்தான். ஷாக்கின் வேலை ஆட்டத்தை அடக்குவது மட்டுமே, விறைப்பானதைப் போட்டால் மாங்காய் நாலு கூடை கூடுதலாக ஏற்றலாம் என்று நினைக்க வேண்டாம்.

கேள்வி: ஒரு பக்க ஷாக் மட்டும்தான் போயிருக்கிறது. அதை மட்டும் மாற்றினால் போதாதா?
- வாசகர், பர்கூர்

பதில்: போதாது, ஒரே ஆக்சிலில் இருப்பதை ஜோடியாக மாற்றுங்கள். மாட்டும் முன் ஷாக்கை நிமிர்த்திப் பிடித்து நாலைந்து தடவை மெதுவாக அமுக்கி இழுத்தால் உள்ளே சேர்ந்த காற்று விலகும். அப்புறம் போல்ட்டை இறுக்காமல் லேசாக மாட்டிவைத்து, சக்கரம் தரையில் நின்ற பிறகு முறுக்குங்கள், தொங்கும்போதே முறுக்கினால் புஷ் ரப்பர் முறுக்கியபடியே இருந்து சீக்கிரம் கிழியும்.