ஆர்.வி. பயணம்: எந்த கார்டு எவ்வளவு மிச்சம் பிடிக்கும்?

கேள்வி: நாங்கள் டாலஸ் பக்கத்தில் பிளேனோவில் இருக்கிறோம். ஊரிலிருந்து அத்தை, மாமா வந்திருக்கிறார்கள். குழந்தைகளோடு சேர்த்து ஆறு பேர். ஜூன் 12 கிளம்பி 24 திரும்புகிற மாதிரி 30 அடி ஆர்.வி. (உள்ளேயே தூங்க, சமைக்க வசதியுள்ள வண்டி) ஒன்றை வாடகைக்கு எடுத்து யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குப் போகிறோம். பெட்ரோல் செலவை நினைத்தால் பயமாக இருக்கிறது. ஆளுக்கொரு தள்ளுபடி கார்டைச் சொல்கிறார்கள். எதை வாங்கலாம்?

பதில்: கார்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் கணக்கைப் போட்டுவிடுவோம். கணக்கு தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

டாலஸிலிருந்து அமரில்லோ, டென்வர், செயென், கோடி ஆகிய ஊர்கள் வழியாகப் போய்வந்து, பூங்காவுக்குள் சுற்றுவதையும் சேர்த்தால் ஏறக்குறைய 3,000 மைல். நீங்கள் எடுக்கும் 'கிளாஸ் சி' (வேன் முகப்போடு வரும் நடுத்தர ஆர்.வி.) வண்டி கேலனுக்கு 8 முதல் 10 மைல் கொடுக்கும். 9 என்று வைத்தால் 333 கேலன். கேலன் 3 டாலர் என்று போட்டால் மொத்தம் 1,000 டாலர். இதில் கேலனுக்கு 10 சென்ட் குறைக்கும் கார்டு வைத்திருந்தால் மிச்சம் 33 டாலர். அதுவும் வழி நெடுக ஒரே கம்பெனியின் கேஸ் ஸ்டேஷனில் மட்டுமே போட்டால்தான். ஆண்டுச் சந்தா கேட்கும் கார்டு என்றால் சந்தாவை அந்த 33-இல் கழித்துப் பாருங்கள். ஒரே ஒரு வாடகைப் பயணத்துக்காகச் சந்தா கட்டிச் சேருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆர்.வி. பயணிகளுக்கான சந்தா கிளப்பான குட் சாம் பற்றி நிச்சயம் யாராவது சொல்லியிருப்பார்கள். பைலட், ஃப்ளையிங் ஜே பெட்ரோல் நிலையங்களில் அதற்குத் தள்ளுபடி உண்டு. ஆனால் அதன் உண்மையான பலன், அவர்களோடு இணைந்த முகாம்களில் வாடகையில் கிடைக்கும் 10 சதவீதக் கழிவுதான். வழியில் நாலைந்து இரவு அப்படிப்பட்ட முகாம்களில் தங்குவதாக இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

உங்களுக்கு நிஜமாகக் கைகொடுக்கப் போவது நீங்கள் வாராவாரம் மளிகை வாங்கும் க்ரோகர் கார்டு. அது இலவசம். ஒரு டாலருக்கு வாங்கினால் ஒரு புள்ளி. 100 புள்ளிக்கு க்ரோகர் கடையின் பம்பில் கேலனுக்கு 10 சென்ட் குறையும்; 1,000 புள்ளி சேர்ந்தால் ஒரு டாலரே குறையும், ஒரு தடவைக்கு 35 கேலன் வரை. அதாவது ஒரே நிரப்பலில் 35 டாலர். மேலே சொன்ன 10 சென்ட் கார்டு 3,000 மைல் முழுக்க ஓடித் தருவதை இது பத்து நிமிஷத்தில் தந்துவிடுகிறது. ஆறு பேர் சாப்பிடும் வீட்டில் 1,000 புள்ளி பெரிய விஷயமில்லை. கிஃப்ட் கார்டுக்கு இரண்டு மடங்கு, நான்கு மடங்கு புள்ளி தரும் வாரங்களும் வரும். எப்படியும் வாங்கப்போகும் பொருளுக்கான கிஃப்ட் கார்டை அப்போது வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு மாதம் சேர்ந்த புள்ளி அடுத்த மாதக் கடைசி வரை செல்லும். ஆகவே மே மாதப் புள்ளிகளை ஜூன் 30 வரை பயன்படுத்தலாம். எப்போது பயன்படுத்துவது? வாடகைக் கம்பெனி கொடுக்கும்போது டேங்க் எந்த அளவில் இருந்ததோ அதே அளவில்தான் வாடகை வண்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நிரப்பிக் கொடுத்தார்கள் என்றால் கிளம்பும் நாளில் 35 கேலன் பிடிக்காது. புள்ளிகளை 24-ஆம் தேதிக்கு வைத்துக்கொண்டு, ஊர் திரும்பியதும் காலி டேங்கோடு போய் நிரப்புங்கள். கால் டேங்க்கோடு கொடுத்தார்கள் என்றால் முதல் நாளே போட்டுவிடலாம். பம்பில் முதலில் க்ரோகர் கார்டோடு பதிந்த ஃபோன் நம்பரை அழுத்த வேண்டும், பணம் கட்டும் கார்டு அப்புறம்தான். தள்ளுபடி வேண்டுமா என்று திரை கேட்கும். சரி என்றதும் 2.99 என்று நின்ற எண் கண் முன்னால் 1.99 என்று இறங்கும். அது இறங்கியதைப் பார்த்த பிறகே பம்பைக் கையில் எடுங்கள்.

மளிகைக்கடை பம்புகளில் இடம் நெருக்கம். 30 அடி வண்டியோடு சனிக்கிழமை மத்தியானம் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். காலை ஏழு மணிக்கு முன்னால் போங்கள்; பம்புக்கு மேலுள்ள கூரையின் உயரத்தைப் பலகையில் படித்துவிட்டு உள்ளே நுழையுங்கள். உங்கள் வண்டி 12 அடி உயரம் வரும்.

அடுத்தது கையில் இருக்கும் கிரெடிட் கார்டு. சாம்ஸ் கிளப் மாஸ்டர்கார்டு பெட்ரோலுக்கு 5 சதவீதம் திருப்பித் தருகிறது, வருஷத்துக்கு 6,000 டாலர் செலவு வரை. காஸ்ட்கோ விசா 4 சதவீதம், 7,000 டாலர் வரை. உங்கள் 1,000 டாலருக்கு இது 40, 50 டாலர், அதுவும் எந்த ஊர் எந்தக் கம்பெனி என்ற தொல்லை இல்லாமல். இரண்டும் இல்லையென்றாலும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 5 சதவீத வகையை மாற்றும் கார்டு வைத்திருந்தால் இந்தக் காலாண்டில் பெட்ரோல் இருக்கிறதா என்று பாருங்கள்.

சில ஸ்டேஷன்களில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் விலை ரொக்கத்துக்கு மட்டும். கார்டு என்றால் 10 சென்ட் கூட. அப்போது 5 சதவீத கார்டு இருந்தால் கார்டே லாபம்: 3.09-இல் 15 சென்ட் திரும்பி வரும். 2 சதவீத கார்டுதான் என்றால் ரொக்கம் கொடுங்கள்.

ஒன்று கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் டேங்க் 55 கேலன் பிடிக்கும். எங்கள் முதல் பயணத்தில், நியூ மெக்சிகோவின் ராட்டன் மலையடிவாரத்தில் ராத்திரி ஒன்பது மணிக்கு 100 டாலரில் பம்ப் டக்கென்று நின்றுவிட்டது. டேங்க் இன்னும் நிரம்பவில்லை. அதே கார்டை மறுபடி செருகினால் திருட்டு என்று நினைத்து வங்கி தடுத்துவிட்டது. பின்னால் இரண்டு வண்டி காத்திருக்க, குறுஞ்செய்திக்குப் பதில் அனுப்பிக்கொண்டு நின்றேன். பல பம்புகளில் இப்படி உச்சவரம்பு உண்டு. பாதி டேங்க் காலியானதுமே போட்டுவிட்டால் இந்தச் சிக்கல் வராது, நல்ல விலை எங்கே என்று தேடவும் அவகாசம் இருக்கும். டேங்க் கால் பங்குக்குக் கீழே போனால் ஜெனரேட்டரும் நின்றுவிடும், மாமாவுக்கு ஏசி இருக்காது.

விலை தேட கேஸ்பட்டி ஆப் போதும். நெடுஞ்சாலை எக்ஸிட்டில் இருப்பதைவிட ஊருக்குள் 20 சென்ட் குறைவாக இருந்தால், 30 கேலனுக்கு 6 டாலர்; நாலு மைல் சுற்றிப் போவதற்கு ஒன்றரை டாலர் பெட்ரோல் ஆகும். போகலாம். 5 சென்டுக்காகப் போகாதீர்கள். யெல்லோஸ்டோனுக்குள்ளும் பம்புகள் உண்டு, ஆனால் கோடி ஊரில் நிரப்பிவிட்டு உள்ளே போவது நல்லது. கொலராடோ, வயோமிங்கில் மலிவாக 85 ஆக்டேன் (தரம் குறைந்த) பெட்ரோல் தெரியும். ஃபோர்டு வண்டிக்கு 87-க்குக் கீழே போடக் கூடாது, அதில் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

எல்லா கார்டையும்விடப் பெரிய மிச்சம் உங்கள் வலது காலில் இருக்கிறது. கேலனுக்கு 9 மைல் 10 ஆனால் 33 கேலன், அதாவது 100 டாலர் குறையும். 70-இல் ஓட்டுவதை 60 ஆக்கினால் அந்த ஒரு மைல் கிடைத்துவிடும். வயோமிங்கில் மத்தியானத்துக்கு மேல் எதிர்காற்று அடித்தால் வண்டி குடிப்பதைப் பார்த்தால் வயிறு எரியும். அந்தப் பகுதியை விடியற்காலையிலேயே ஓட்டிக் கடந்துவிடுங்கள். டயர் காற்றைக் கிளம்பும் முன், டயர் சூடாவதற்குள் பாருங்கள்.

சொந்தமாக டீசல் ஆர்.வி. வைத்திருப்பவர்களுக்கு இதே கணக்கு தலைகீழ். ஓபன் ரோட்ஸ் என்ற டீசல் கார்டுக்குச் சந்தா கிடையாது. மிச்சமானதில் 10 சதவீதத்தை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். லாரிகள் நிற்கும் வரிசையில் போட வேண்டும். பம்பில் தெரிவது முழு விலை. குறைந்த விலை கணக்கில்தான் வரும், சில இடங்களில் 40, 50 சென்ட் வரை. உங்கள் வாடகை வண்டி பெட்ரோலில் ஓடுவது, ஆகவே இது உங்களுக்கு இல்லை.

வண்டியை வாங்கும்போது பெட்ரோல் முள் நிற்கும் இடத்தை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்து நிரப்பும்போது அந்தக் கோட்டோடு நிறுத்திவிடலாம்.