தேடத் தெரிந்தவர் யார்? நூலக ஊழியர்களின் தேடல் திறன் பற்றிய கேள்வி-பதில்

மருத்துவ நூலகத்தில் வேலை பார்த்து, பிறகு பயிற்சி கொடுக்கும் வேலைக்கு வந்தவன் நான். அதனால் என் உதாரணங்கள் பெரும்பாலும் மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் தரவுத்தளமான பப்மெட்டிலிருந்துதான் வரும். மற்ற தரவுத்தளங்களுக்கும் அவை பொருந்தும்.

புதிதாகச் சேர்ந்த மூன்று பேருக்கு 25 கொள்குறி வினாக்கள் வைத்தோம். மூவரும் 20-க்கு மேல் வாங்கினார்கள். ஆனால் பட்டமேற்படிப்பு மாணவர் ஒரு தலைப்போடு வந்து நின்றால் திணறுகிறார்கள். தேர்வில் என்ன கோளாறு?
*- நூலகர், மருத்துவக் கல்லூரி, தஞ்சாவூர்*

நீச்சலைப் பற்றிக் கேள்வி கேட்டுவிட்டுக் குளத்தில் இறக்காமல் விட்டுவிட்டீர்கள். இரண்டு சொல்லும் வர வேண்டும் என்னும் 'ஆண்ட்', ஏதாவது ஒன்று வந்தால் போதும் என்னும் 'ஆர்', இவற்றின் வித்தியாசத்தை எழுதத் தெரிவது வேறு, தேடும்போது அது கைக்கு வருவது வேறு. ஒரு நிஜமான தலைப்பைக் கொடுத்து அரை மணி நேரம் தேட விடுங்கள்.

நான் வழக்கமாகக் கொடுக்கும் தலைப்பு இது: கண்ணாடி விரியன் கடித்தவர்களுக்குத் திடீரென வரும் சிறுநீரகப் பாதிப்பு. பார்க்க எளிதாக இருக்கும், உள்ளே நிறையக் கண்ணி உண்டு. இன்று 'அக்யூட் கிட்னி இஞ்சுரி' என்று எழுதுவதைப் பழைய கட்டுரைகள் 'அக்யூட் ரீனல் ஃபெயிலியர்' என்று எழுதின. பாம்பின் பெயரும் அப்படித்தான். இன்றைய 'டபோயா' அன்று 'விபெரா'. புதிய சொல்லை மட்டும் மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினால் பப்மெட் தானாக இணைச்சொற்களைச் சேர்க்காது. பழைய கட்டுரைகள் பல சத்தமில்லாமல் விடுபட்டுப் போகும்.

ஒரு பயிற்சியில் ஓர் இளம் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முதலில் எல்லாச் சொற்களையும் ஒரே வரியில் தட்டினார். வந்த கட்டுரைகளின் சுருக்கங்களைப் படித்துக்கொண்டே போனவர் மூன்றாவதில் நின்றார். 'ரீனல் ஃபெயிலியர்' என்று பென்சிலால் தாளில் குறித்தார். திரும்பிப் போய் அதை 'ஆர்' போட்டுச் சேர்த்தார். அப்புறம் கட்டுரைகளுக்குப் பொருள் தலைப்பு கொடுக்கப் பயன்படும் மெஷ் சொற்களஞ்சியத்தைத் திறந்து சிறுநீரகத்துக்கும் பாம்புக்கடிக்கும் உரிய தலைப்புகளைத் தேடினார். அவருடைய கடைசிப் பட்டியலில் குறைகள் இருந்தன. ஆனாலும் அந்தக் குழுவில் நல்ல தேடுநர் அவர்தான் என்று எனக்கு அந்தப் பென்சில் குறிப்பிலேயே தெரிந்துவிட்டது.

அதனால் கடைசியில் வந்த எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், வந்த வழியைப் பாருங்கள். பப்மெட்டின் 'அட்வான்ஸ்டு' பக்கத்தில் தேடல் வரலாறு வரிசையாக இருக்கும். எட்டு மணி நேரம் பயன்படுத்தாமல் விட்டால் அழிந்துவிடும், அன்றே பதிவிறக்கி வைத்துவிடுங்கள்.

சரி, வழியைப் பார்க்கிறோம். மதிப்பெண் எப்படிப் போடுவது?
*- உதவி நூலகர், கோயம்புத்தூர்*

முதலில் விடைப்பட்டியல் தயார் செய்யுங்கள். அனுபவமுள்ள இரண்டு பேர் தனித்தனியாகத் தேடட்டும், முக்கியக் கட்டுரைகளின் மேற்கோள் பட்டியலையும் அலசட்டும். 20 நல்ல கட்டுரைகள் தேறின என்று வைத்துக்கொள்வோம். ஊழியர் அதில் 15-ஐப் பிடித்தால் மீட்பு 75 சதவீதம். அவர் கொண்டுவந்த 30-இல் இந்த 15 மட்டும் பொருத்தமானவை என்றால் துல்லியம் 50 சதவீதம். இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டில் சிரில் கிளெவர்டன் நடத்திய சோதனைகள் வழியாகப் பரவிய அளவுகோல்கள் இவை. ஒரு கேள்விக்கு உரிய ஆய்வுகளை எல்லாம் திரட்டி அலசும் முறையான மீளாய்வுக்குத் தேடினால் மீட்புக்கு எடை கூட்டுங்கள். வார்டிலிருந்து அவசரமாகக் கேட்கும் மருத்துவருக்கு என்றால் துல்லியம்தான் முக்கியம்.

மூன்றாவதாக ஒன்றை நான் விடவே மாட்டேன். மதிப்பெண்ணைச் சொல்லும் முன், "இருப்பதில் எவ்வளவு கண்டுபிடித்திருப்பீர்கள்?" என்று கேட்பேன். தகவல் தேடலை ஆராய்ந்த பிளேர், மரோன் இருவரும் 1985-இல் வெளியிட்ட ஆய்வு நினைவுக்கு வரும். ஒரு வழக்குக்காகச் சுமார் 40,000 ஆவணங்களில் தேடிய வழக்கறிஞர்கள், வேண்டியதில் முக்கால்வாசி கிடைத்துவிட்டதாக நம்பினார்கள். உண்மையில் கிடைத்தது சுமார் 20 சதவீதம். கிடைக்காதது கண்ணுக்குத் தெரியாது என்பதால் நம் ஊழியருக்கும் இதே ஏமாற்றம் நேரும்.

மூத்த ஊழியர்களுக்குத் தேர்வு வைத்தால் மனம் நோகிறார்கள். விட்டுவிடலாமா?
*- தகவல் அலுவலர், சென்னை*

விட வேண்டாம், தேர்வு என்ற பெயரை மட்டும் விடுங்கள். மீளாய்வு செய்பவர்களிடம் 'பிரஸ்' என்ற சரிபார்ப்பு முறை உண்டு. ஒருவரின் தேடல் வியூகத்தை, அதாவது சொற்களை இணைத்து எழுதிய தேடல் வரிகளை, ஓட்டுவதற்கு முன் இன்னொரு நூலகர் படித்துப் பார்ப்பார். கேள்வி சரியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறதா, 'ஆண்ட்', 'ஆர்' போன்ற இணைப்புச் சொற்கள், பொருள் தலைப்புகள், கட்டுரையில் வரும் இயல்புச் சொற்கள், எழுத்துப்பிழையும் வரி எண்களும், வடிகட்டிகள் என்று ஆறு விஷயங்கள். முதலில் உங்கள் வியூகத்தையே அவர்களிடம் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். என் பயிற்சிகளில் நான் அப்படித்தான் தொடங்குகிறேன், அறையின் இறுக்கம் உடனே தளர்ந்துவிடும்.

அனுபவசாலிகளுக்கும் இது தேவை. மெஷ் தலைப்புகள் ஆண்டுதோறும் மாறுகின்றன. பப்மெட்டில் சொற்கள் பக்கத்துப் பக்கத்தில் வர வேண்டும் என்று கேட்கும் அருகமைச் சொல் தேடல் வந்ததே 2022-இல்தான்.

செயற்கை நுண்ணறிவைக் கேட்டு வியூகம் எழுதுகிறார்கள். தேர்வில் அனுமதிக்கலாமா?
*- நூலகர், பொறியியல் கல்லூரி, சேலம்*

அனுமதியுங்கள், ஆனால் அது தந்த ஒவ்வொரு தலைப்பையும் மெஷ்ஷில் சரிபார்த்துக் காட்டச் சொல்லுங்கள். இல்லாத தலைப்பை இருப்பது போலவே அது எழுதிவிடும். இதற்கு நல்ல பயிற்சி, பிழை வைத்த வியூகம் ஒன்றைக் கொடுப்பது. ஒரு போலித் தலைப்பு, 'ஆர்' வர வேண்டிய இடத்தில் 'ஆண்ட்', விடுபட்ட ஓர் அடைப்புக்குறி. பப்மெட் இடமிருந்து வலமாகவே கணக்குப் போடும் என்பது தெரிந்தவர்தான் அந்த அடைப்புக்குறியைக் கண்டுபிடிப்பார்.

எங்களிடம் கட்டணத் தரவுத்தளம் எதுவும் இல்லை.
*- கிளை நூலகர், விருதுநகர் மாவட்டம்*

கவலை வேண்டாம். பப்மெட் 1997-லிருந்தே இலவசம், இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியம் இருக்கிறது. தொடங்க இவை போதும்.

தமிழ் நூல்களைத் தேடும் திறனையும் சோதிக்க வேண்டாமா?
*- ஆய்வு நூலகர், புதுச்சேரி*

கட்டாயம் வேண்டும், இதை யாரும் கேட்பதில்லையே என்று எனக்கு ஆதங்கமே உண்டு. 'பிள்ளைத்தமிழ்' என்ற ஒரு சொல்லைக் கொடுங்கள். ஒரு பட்டியலில் சேர்த்து எழுதியிருக்கும், இன்னொன்றில் 'பிள்ளைத் தமிழ்' என்று பிரிந்திருக்கும், வேறொன்றில் ஒற்றே இருக்காது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் முறைப்படி ஆங்கில எழுத்தில் எழுதும்போது ழகரம் அடிக்கோடிட்ட 'எல்' ஆகும். நம் பிள்ளைகள் பழக்கத்தில் 'இசட்-எச்' தட்டிவிட்டு, நூலே இல்லை என்று வாசகரை அனுப்பிவிடுகிறார்கள். கணினியைத் தொடும் முன் இந்த வடிவங்களை எல்லாம் தாளில் எழுதச் சொல்லுங்கள். நான்காவது வடிவம் வரை போகிறவரைத் தமிழ்ப் பிரிவு மேசையில் உட்கார வையுங்கள்.