ரத்தம் வருகிறது என்று பிரஷ்ஷைத் தள்ளி வைக்காதீர்கள்

கேள்வி: பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது. அந்த இடத்தில் பிரஷ் படாமல் பார்த்துக்கொள்கிறேன். மருத்துவர் பல்லில் கல் போலப் படிந்திருக்கும் காரையை எடுக்கச் சொல்கிறார். எடுத்தால் பல் ஆடிவிடும் என்கிறார்களே?

பதில்: ரத்தத்தைப் பார்த்தால் கை தானாக விலகும்தான். பல் மருத்துவம் படித்த காலத்தில் நானே இப்படிச் செய்திருக்கிறேன். எனக்கு ரத்தம் வந்தது வலது கோரைப்பல் ஓரத்தில். வலது கைக்காரர்கள் பிரஷ்ஷைத் திருப்பிப் பிடிக்க வேண்டிய மூலை அது, அவசரத்தில் விட்டுப்போகும். பயிற்சி வகுப்பில் என் வாயைப் பார்த்த தோழிதான் அங்கே படிந்திருந்ததைக் கண்ணாடியில் காட்டினாள். மானம் போயிற்று.

பெரும்பாலும் தப்பு பிரஷ்மேல் இல்லை. பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் பிசுபிசுவென்று ஒரு கிருமிப் படலம் தங்குகிறது. அதனால் ஈறு சிவந்து வீங்கி, தொட்டாலே கசிகிறது. தொடாமல் விட்டால் படலம் இன்னும் சேரும். மென்மையான பிரஷ்ஷை ஈறு ஓரமாகச் சாய்த்து, அழுத்தாமல், தினம் இரண்டு வேளை 2 நிமிடம் துலக்குங்கள். இடுக்குகளுக்குப் பல் நூல் (ஃப்ளாஸ்). ஓரிரு வாரத்தில் ரத்தம் குறைய வேண்டும். கர்ப்பம், சர்க்கரை நோய், ரத்தத்தை இளக்கும் மாத்திரை இவற்றில் ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

சரி, காரைக்கு வருவோம். அந்தப் படலத்தில் எச்சிலிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து கல்லாக இறுகுவதுதான் காரை. அப்புறம் பிரஷ்ஷுக்கு அசையாது. அதை எடுப்பதால் பல் ஆடுவதில்லை. ஈறு நோய் முற்றி எலும்பு கரைந்திருந்தால் பல் முன்பே ஆடத் தொடங்கியிருக்கும். காரை பூச்சு போல இறுக்கிப் பிடித்திருப்பதால் தெரியாது. எடுத்ததும் தெரிகிறது, பழி எங்கள் தலையில் விழுகிறது! சில நாள் பல் கூசும். இடைவெளி புதிதாகத் தெரிவதால் நாக்கு அங்கேயே போய்ப் போய் நிற்கும். அவ்வளவுதான்.

கேள்வி: குளிர்ந்த தண்ணீர் பட்டால் பல் கூசுகிறது. கூச்சத்துக்கான பேஸ்ட்டை 3 நாள் போட்டும் பலனில்லை.

பதில்: 3 நாள் போதாது. பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பேஸ்ட் வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். துலக்கியதும் நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் மருந்தும் போய்விடும். ஒரே பல் மட்டும் கூசி, வலி நெடுநேரம் நின்றால் அது சொத்தையாகவோ விரிசலாகவோ இருக்கலாம். பேஸ்ட்டை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

கேள்வி: 7 வயது மகளுக்குக் கடைவாய்ப்பல்லில் சொத்தை. விழப்போகும் பால் பல்தானே என்று விட்டிருக்கிறோம். படம் இணைத்திருக்கிறேன்.

பதில்: இந்தத் தவறு நிறைய வீடுகளில் நடக்கிறது. 6 வயதை ஒட்டி, பால் பற்களுக்குப் பின்னால் நிரந்தரக் கடைவாய்ப்பல் ஒன்று முளைக்கும். அதற்காக எந்தப் பல்லும் விழாது என்பதால் யாரும் கவனிப்பதில்லை. முன்பல் நடுவிலிருந்து ஒரு பக்கமாக எண்ணுங்கள்: ஐந்து வரை பால் பற்களின் இடம், ஆறாவது நிரந்தரப் பல். நீங்கள் அனுப்பிய படத்தில் இரண்டு முறை எண்ணினேன். சொத்தை ஆறாவதில்தான் இருக்கிறது. இந்த வாரமே அழைத்துப் போங்கள். இப்போதே அடைத்துவிட்டால் வேர் சிகிச்சை வரை போகாமல் தப்பிக்கலாம்.