பார்க்கின்சன் இருக்கிற ஆளை உடற்பயிற்சி செய்ய விடலாமோ? விழுந்திடுவார் எண்டு பயமாக் கிடக்கு

உங்கட மாமாவுக்கு 68 வயது, ரெண்டு வருசமாப் பார்க்கின்சன், டொக்டர் உடற்பயிற்சி செய்யச் சொன்னவர், ஆனா மாமி "விழுந்து இடுப்பை உடைச்சா ஆர் பாக்கிறது" எண்டு விடுறாவில்லை எண்டு கேட்டிருந்தீங்கள். நான் டொக்டரும் இல்லை, உடற்பயிற்சியால சிகிச்சை குடுக்கிற பிசியோவும் இல்லை, கொக்குவில்ல அப்பாவை ஆறு வருசமா வைச்சுப் பாக்கிற ஆள், அவ்வளவுதான்.

முதல் வருசம் நாங்களும் மாமி மாதிரித்தான். அப்பா சுன்னாகம் சந்தையில மரக்கறி வியாபாரம் செய்தவர், விடியப்புறம் நாலு மணிக்கு சைக்கிள் கரியர்ல சாக்குக் கட்டிக்கொண்டு போற மனுசன். வருத்தம் எண்டு சொன்ன உடன அவரை விறாந்தையில சாய்மனைக் கதிரையில இருத்திப்போட்டம். பாக்க வாறவையும் "பாவம், ஆளை அலைக்கழியாதேங்கோ, கையெல்லாம் நடுங்குது" எண்டிட்டுப் போவினம். சேட் பொத்தான் பூட்டிறது நாங்கள், தேத்தண்ணி கையில குடுக்கிறது நாங்கள், பேப்பர் எடுத்துக் குடுக்கிறதும் நாங்கள். வருசம் முடியேக்கை கதிரையால எழுப்ப ரெண்டு பேர் பிடிக்க வேண்டி வந்திட்டுது. அதில பாதிதான் வருத்தம், மிச்சப் பாதி நாங்கள் இருத்தி வைச்சதால வந்தது எண்டுதான் நான் இப்ப நினைக்கிறன்.

பிறகு ஒரு பிசியோ பிள்ளை வந்து பாத்திட்டு, விழுவார் எண்டபடியாத்தான் செய்யவேணும் எண்டு சொல்லிச்சுது. இந்த வருத்தத்தில மூளையில டோபமின் எண்ட, அசைவுக்கு வேண்டிய இரசாயனத்தைச் செய்யிற கலங்கள் குறைஞ்சு போகுது, அதால ஒவ்வொரு அசைவும் சின்னனாகுது, எழுத்து சின்னனாகும் குரல் சின்னனாகும் அடி சின்னனாகும், ஆனா அவருக்குத் தான் சின்னனா நடக்கிறன் எண்டு தெரியாது. இதுதான் எங்களுக்கு விளங்காமல் கிடந்த விசயம். அந்தப் பிள்ளை அப்பாவை முத்தத்தில விட்டு "ஐயா, வாய்க்காலைத் தாண்டுற மாதிரிக் காலை எட்டி வையுங்கோ, கையை நல்லா வீசுங்கோ" எண்டுது. அப்பாவுக்கு வெக்கம். "இதென்ன விசர் நடை, றோட்டால போற சனம் சிரிக்கும்" எண்டார். போனில வீடியோ எடுத்துக் காட்டினா, எல்லாரும் நடக்கிற மாதிரி சாதாரண நடை! அவருக்கு அளவுக்கு மிஞ்சினதாத் தெரியிறதுதான் எங்களுக்குச் சரியான அளவு. அண்டைக்குப் பிறகு "அப்பா, வாய்க்கால்" எண்டு சொன்னாக் காணும், அடி நீளும்.

இதை முறையாச் செய்யிறதுக்கு எல்எஸ்விடி பிக் எண்டு ஒரு பயிற்சி இருக்கு, கிழமைக்கு நாலு நாள், நாலு கிழமை, ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலம், வீட்டிலயும் செய்யவேணும். அது பழகின ஆள் கிடைச்சா நல்லது, கிடைக்காட்டியும் அசைவைப் பெரிசாச் செய்யிறது எண்ட விசயம் வீட்டிலயே பழகலாம்.

எங்களுக்குப் பெரிய தலையிடி குசினி வாசல்தான். அதில வந்த உடன கால் நிலத்தில ஒட்டின மாதிரி நிண்டிடும். அம்மா கையில பிடிச்சு இழுப்பா. இழுக்கவே கூடாது, மேல் உடம்பு வரும் கால் வராது, முகம் குப்புற விழுந்திடுவார். கொஞ்சம் நிண்டு, நிமிர்ந்து, பாரத்தை இந்தக் காலில இருந்து மற்றக் காலுக்கு ரெண்டு மூண்டு தரம் மாத்திப்போட்டு பெரிய ஒரு அடி வைக்கச் சொல்லுங்கோ. நாங்கள் அந்த வாசல் சீமெந்து நிலத்தில மஞ்சள் டேப்பால குறுக்குக் கோடு போட்டு விட்டிருக்கிறம், ஒரு அடிக்கு ஒரு கோடு. கோட்டைக் கண்டா கால் தானா எழும்பும். நம்பமாட்டியள், நானும் நம்பேல்லை. தாளமும் அப்பிடித்தான், போனில தாளம் தட்டுற மெட்ரோனோம் போட்டுப் பாத்தம், "டிக் டிக் எண்டு விசர் பிடிக்குது, நிப்பாட்டு" எண்டிட்டார், இப்ப அம்மாதான் கையைத் தட்டி ஒண்டு ரெண்டு எண்ணுறது.

சைக்கிள் கதை ஒண்டு. 2010ல நெதர்லாந்தில ஒரு டொக்டர் ஒரு நோயாளியின்ர வீடியோவை மருத்துவ இதழில போட்டிருந்தார், நாலு அடி ஒழுங்கா நடக்க ஏலாத ஆள், சைக்கிள்ல ஏத்தி விட்டா நல்லா ஓடுறார். அதைக் கேட்டு நாங்களும் அப்பாவின்ர பழைய றலி சைக்கிளை ஸ்டாண்டில விட்டு, பின்சில்லு நிலத்தில முட்டாமல் சும்மா மிதிக்க விட்டம். சைக்கிள் ஆடுது, தம்பி கரியரைப் பிடிச்சுக்கொண்டு நிக்கோணும், பாரமும் இல்லாததால காத்தில சுத்திற மாதிரி. கடைசியில ஒரு எக்சர்சைஸ் சைக்கிள் செக்கண்ட் ஹாண்டில எடுத்தம். றோட்டில மட்டும் விடாதேங்கோ, மாமா எவ்வளவு வடிவா ஓடினாலும், இறங்கேக்கைதான் ஆபத்து.

சும்மா உலாத்தினாக் காணாது எண்டதையும் சொல்லவேணும், எங்கட ஆக்கள் கோயிலடிக்குப் போட்டு வந்தா எக்சர்சைஸ் முடிஞ்சுது எண்டு நினைப்பினம். 2018ல அமெரிக்காவில 128 பேரை வைச்சு ஆறு மாசம் பாத்தவை, மருந்து இன்னும் தொடங்காத ஆரம்பகட்ட ஆக்கள். ட்ரெட்மில்லில இதயத்துடிப்பு உச்ச அளவின்ர 80-85 வீதத்துக்கு வாற மாதிரி கடுமையாச் செய்த ஆக்களுக்கு வருத்தம் எவ்வளவு கடுமை எண்டு அளக்கிற புள்ளி அசையவே இல்லை எண்டு சொல்லலாம், செய்யாத ஆக்களுக்குக் கூடிப்போச்சு. அதுக்காக மாமாவை நாளைக்கே ஓட விடாதேங்கோ, இதயத்தை டொக்டரிட்டக் காட்டிப்போட்டுத்தான். எங்கட வீட்டு அளவுகோல் என்னெண்டா, மிதிக்கேக்கை கதைக்க ஏலவேணும், தேவாரம் பாட ஏலக்கூடாது. பாடினாரெண்டா இன்னும் கொஞ்சம் மிதிக்கலாம்.

நேரம் முக்கியம். குளிசை வேலை செய்யிற நேரத்திலதான் பயிற்சி, இல்லாட்டி சும்மா மல்லுக்கட்டுறது. அப்பா விடிய அஞ்சரைக்கு வெறும் வயித்தில லெவோடோபா எண்ட பார்க்கின்சன் குளிசையைப் போட்டு ஆறேகாலுக்குத் தொடங்குவார், வெயில் ஏற முதல் முடிஞ்சிடும், பிறகுதான் புட்டும் மீன் குழம்பும். மீன், இறைச்சி, பருப்பு மாதிரிப் புரதச் சாப்பாட்டோட குளிசை போட்டா அது உடம்பில சேருறது குறையும், நாங்கள் கனகாலம் காலமைச் சாப்பாட்டோடதான் குடுத்துக்கொண்டிருந்தம், ஏன் வேலை செய்யேல்லை எண்டு குளிசையைத் திட்டிக்கொண்டு. ஆனா நேரம் மாத்திறதெண்டா கிளினிக்கில கேட்டிட்டு மாத்துங்கோ. படுக்கையால சட்டெண்டு எழும்ப விடாதேங்கோ, பிரஷர் இறங்கித் தலை சுத்தும், கட்டில்ல கொஞ்சம் இருந்திட்டு எழும்பட்டும். திரும்பேக்கை நிண்ட இடத்தில முறுக்கித் திரும்பாமல் வட்டமாச் சுத்தி வரவேணும். நடக்கேக்கை கையில தேத்தண்ணிக் கோப்பையோ வாயில கதையோ வேண்டாம்.

மாமிக்குப் பயம் எண்டா கதிரையில இருந்து தொடங்குங்கோ. கையுள்ள பாரமான கதிரை, சுவரோட சேத்து. குண்டியை முன்னுக்கு நகர்த்தி, பாதத்தைப் பின்னுக்கு இழுத்து, மூக்கு கால்விரலுக்கு மேல வாற அளவுக்குக் குனிஞ்சு எழும்பவேணும். பத்துத் தரம், காலமையும் பின்னேரமும். பிளாஸ்டிக் கதிரை வேண்டாம், வழுக்கும்.

குரலுக்கு வேற ஒண்டும் செய்யேல்லை, காலமைப் பேப்பரை உரத்து வாசிக்க வைக்கிறம். அப்பா வாசிக்கிறது மரண அறிவித்தல் பக்கம் மட்டும்தான். முந்தி அவர் கதைச்சா பக்கத்தில இருக்கிற எனக்கே கேக்காது, இப்ப வேலிக்கு அங்கால இருந்து பக்கத்து வீட்டு ஆச்சி "ஆராம் தம்பி, எந்த ஊராம்?" எண்டு கேக்கிறா.