பஞ்சாபின் ஓட் கிளினிக்குகள்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

ஹெராயின், அபின் பழக்கத்துக்குச் சிகிச்சை தர பஞ்சாப் அரசு 2017 அக்டோபரில் தொடங்கியவை 'ஓட்' கிளினிக்குகள். 'Outpatient Opioid Assisted Treatment' (OOAT) என்ற ஆங்கிலப் பெயரின் சுருக்கம்தான். ஆனால் பஞ்சாபியில் ஓட் என்றால் அடைக்கலம் என்றும் பொருள், நன்றாகவே அமைந்துவிட்டது.

கேள்வி: போதையை விடச் சொல்லி அரசே இன்னொரு போதை மாத்திரையைக் கொடுக்கிறதா சார்?

இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். அங்கே கொடுப்பது ப்யூப்ரினார்பினும் நலாக்ஸோனும் கலந்த மாத்திரை. ஹெராயின் (அந்த ஊரில் 'சிட்டா') மூளையில் எங்கே ஒட்டுமோ, அங்கேயேதான் ப்யூப்ரினார்பினும் ஒட்டும். ஆனால் அரைகுறையாகத்தான் தூண்டும், ஓர் அளவுக்கு மேல் விளைவு ஏறாது. மூச்சு நின்றுபோகும் ஆபத்து ஹெராயினைவிட மிகக் குறைவு. மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் கதை வேறு. மாத்திரையை ஒழுங்காக எடுத்தால், ஹெராயினை நிறுத்தும்போது வரும் உடம்பு வலி, வயிற்றுப்போக்கு, தூக்கமில்லாத இரவு எல்லாம் அடங்கி, ஆள் வேலைக்குப் போவார்.

கேள்வி: நலாக்ஸோன் எதற்கு?

மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளாமல் இருக்க. நாக்குக்கு அடியில் வைத்தால் நலாக்ஸோன் ரத்தத்தில் பெரிதாகச் சேராது. ஊசியில் போனால், போதையை நிறுத்தும்போது வரும் அந்த அவஸ்தையை இழுத்துவிட்டுவிடும்.

கேள்வி: தினமும் வரிசையில் நின்றால் கூலி போய்விடாதா?

போகும். ஊழியர் கண்ணெதிரே மாத்திரை போட வேண்டும் என்றுதான் தொடங்கினார்கள். மாத்திரை வெளியே விலைபோகும் என்ற பயம். அந்தப் பயம் நியாயமானதே. ஆனால் அறுவடைக் காலத்தில் யார் தினமும் வருவார்? 2020 ஊரடங்கில் பல நாள் மாத்திரையைக் கையில் கொடுத்தனுப்ப வேண்டியதாயிற்று. நிலையாகிவிட்டவர்களுக்கு அப்படித்தான் கொடுக்க வேண்டும் என்பேன். கண்டிப்பு கூடினால் முதலில் நின்றுவிடுகிறவர் ஏழைதான்.

கேள்வி: பதிவு செய்தால் போலீஸ் வருமா?

1985 போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவைப் பாருங்கள். பயன்படுத்தியதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கிய, பழக்கத்துக்கு அடிமையானவர், தானாகச் சிகிச்சைக்கு வந்தால் அந்த வழக்கு நடவடிக்கையிலிருந்து விலக்கு உண்டு. பாதியில் விட்டால் அது பறிபோகலாம். விற்றவருக்குக் கிடையாது.

கேள்வி: அண்ணா, லூதியானாவில் வேலை செய்யும் என் தம்பிக்குக் குடிதான் பிரச்சினை. அங்கே போகச் சொல்லட்டுமா?

வேண்டாம். இந்த மாத்திரை மதுவுக்கு அல்ல. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போகச் சொல்லுங்கள். இலவச உதவி எண் 14446. அப்புறம் முக்கியமான ஒன்று: தினமும் அதிகமாகக் குடிப்பவராக இருந்தால், டாக்டரைப் பார்க்கும் முன் திடீரென்று நிறுத்தச் சொல்லாதீர்கள். வலிப்பு வரலாம்.