நின்றுபோன கேமராவும் அழிந்துபோகும் சான்றும்

கேள்வி: பத்து மாதங்களுக்கு முன் வீட்டின் முன்புறமும் பின்புறமும் இரண்டு பாதுகாப்புக் கேமராக்களை வாங்கி, விற்றவரைக் கொண்டே பொருத்தினோம். நான்கு நாட்கள் குடும்பத்தோடு வெளியூர் சென்றிருந்தபோது வீட்டில் திருட்டு நடந்துவிட்டது. நாங்கள் கிளம்பிய மறுநாள் இரவோடு இரண்டு கேமராக்களின் பதிவும் நின்றுபோயிருக்கிறது. விற்றவர் வைஃபை கோளாறு என்று கூறி மரியாதையில்லாமல் பேசுகிறார். உற்பத்தி நிறுவனத்தின் உதவி மையத்தைப் பதினோரு முறை அழைத்தோம்; ரீசெட் செய்யச் சொன்னார்கள், செய்தோம், ஒரு கேமரா ஒரு நாள் ஓடி மீண்டும் நின்றது. இப்போது மெமரி கார்டை ஃபார்மேட் செய்துவிட்டுக் கேமராக்களை சர்வீசுக்கு அனுப்பச் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒயரைத் துண்டித்திருப்பாரோ என்ற சந்தேகமும் இருக்கிறது. களவுபோன நகையின் மதிப்பையும் மன உளைச்சலுக்கு இழப்பீட்டையும் இவர்களிடம் பெற முடியுமா?

பதில்: பதினோரு அழைப்புகளுக்கும் விற்றவரின் பேச்சுக்கும் உங்கள் மனுவில் ஒரு பத்தி போதும், அவற்றால் வழக்கு வெல்லவும் போவதில்லை, தோற்கவும் போவதில்லை. அந்த இரவு இரண்டு கேமராக்களும் எதனால் நின்றன என்பதை உங்களால் காட்ட முடியுமா என்பது ஒன்றுதான் கேள்வி. அதைக் காட்டக்கூடிய சான்றில் பாதியை ரீசெட் செய்து நீங்களே அழித்துவிட்டீர்கள். மீதியை அழிக்கத்தான் இப்போது உங்களைக் கேட்கிறார்கள். ஆகவே கார்டை ஃபார்மேட் செய்யாதீர்கள், கேமராக்களையும் இப்போதைக்குக் கைவிட்டு அனுப்பாதீர்கள்.

தனித்தனியான இரண்டு கேமராக்கள் ஒரே இரவில் நின்றால், இரண்டிலும் ஒரே நேரத்தில் உற்பத்திக் குறைபாடு வெளிப்பட்டது என்று எந்த நுகர்வோர் ஆணையமும் எளிதில் ஏற்காது. இரண்டுக்கும் பொதுவான ஒன்றைத்தான் முதலில் தேடும். வைஃபை போனால் கைபேசியில் காட்சி வராதே தவிர, கார்டில் பதியும்படி அமைத்த கேமரா பொதுவாகப் பதிந்துகொண்டுதான் இருக்கும் என்பதால், விற்றவரின் விளக்கம் பாதிதான் பொருந்துகிறது. மின்சாரம் போயிருந்தால் பொறுப்பு அவர்களுடையதல்ல. ஆனால் இரண்டு கேமராக்களுக்கும் திறன் குறைந்த ஒரே அடாப்டரைப் பொருத்தியிருந்தால், இருட்டியதும் அகச்சிவப்பு விளக்குகள் எரிந்து மின்தேவை கூடும்போது கேமராக்கள் அணைந்துவிட வாய்ப்புண்டு. அது பொருளின் குறைபாடு அல்ல, பொருத்தியவரின் சேவைக் குறைபாடு. முன்னதில் முதன்மையாகப் பதில் சொல்ல வேண்டியவர் உற்பத்தியாளர், பின்னதில் விற்றுப் பொருத்தியவர். இது தெரியாமல் இருவர்மீதும் பொத்தாம்பொதுவாக மனு போட்டால், இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் விஷயம் இதைவிட ஆபத்தானது. அவர் ஒயரைத் துண்டித்தது உண்மையானால் கேமராவில் குறைபாடே இல்லை. அந்தச் சந்தேகத்தைக் காவல் நிலையப் புகாரில் எழுதிக் கொடுத்திருந்தால், உங்கள் நுகர்வோர் வழக்கில் எதிர்த்தரப்பினர் தாக்கல் செய்யும் முதல் ஆவணம் அதுவாகத்தான் இருக்கும். ஒயர்களை இப்போதே, துண்டிப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியும்படி, படம் எடுத்து வையுங்கள். சந்தேகத்தைக் காவல்துறையிடம் சொல்லுங்கள். தெருவாசிகளின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினால் புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 356-இன்கீழ் அவதூறு வழக்கை நீங்களே வரவழைத்துக்கொள்வீர்கள்.

இத்தகைய வழக்குகளில் கட்சிக்காரர்கள் விழும் குழி எப்போதும் ஒன்றுதான்: பொருளைச் சரிசெய்யும் அவசரத்தில் சான்றைத் தொலைத்துவிடுவார்கள். ரீசெட் செய்தால் கேமராவின் அமைப்புகளும், பல மாதிரிகளில் நிகழ்வுக் குறிப்புகளும் போய்விடுகின்றன. சர்வீசுக்கு அனுப்பினால் உள்ளே பலகையை மாற்றியோ, வேறொரு கேமராவையே கொடுத்தோ திருப்பி அனுப்புவார்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப் பிரிவு 38(2)-இன்படி, சோதனையின்றிக் கண்டறிய முடியாத குறைபாடு என்றால் ஆணையம் மாதிரியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பலாம். ஆனால் குறைபாடுள்ள பொருள் கையில் இல்லாதபோது எதை அனுப்புவது? என் கட்சிக்காரர் ஒருவர் இப்படித்தான் நன்றாக இயங்கும் கேமராவோடு வழக்குக்கு வந்தார். எதிர்த்தரப்பின் பதிலுரை ‘கேமரா நன்றாகத்தானே ஓடுகிறது’ என்ற பொருளில் ஒரே வரியில் இருந்தது, அந்த வரிக்கு எங்களிடம் பதில் இல்லை. இன்னொருவர் தெரிந்த மெக்கானிக்கைக் கொண்டு கேமராவைத் திறந்து பார்த்தார். பொருள் மாற்றியமைக்கப்பட்டிருந்தால் விற்பனையாளர்மீது பொருட்பொறுப்பு வழக்கு (குறைபாடுள்ள பொருளால் நேர்ந்த தீங்குக்கு ஈடு கேட்கும் வழக்கு) நிற்காது என்று அதே சட்டத்தின் பிரிவு 87 சொல்வதை, அவர் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வாயிலாகவே தெரிந்துகொண்டார்.

எனவே முதலில் கார்டுகளை வெளியே எடுங்கள். ஒரு கேமரா மீண்டும் ஓடியிருப்பதால், இடம் நிறைந்ததும் பழைய பதிவின்மேல் புதியது எழுதப்படும் அபாயம் இன்னும் இருக்கிறது. பதிவு நிற்பதற்கு முந்தைய காட்சிகள் திருட்டு விசாரணைக்கே உதவக்கூடும் என்பதால் அசல் கார்டுகளை விசாரணை அதிகாரியிடம் ஒப்படைத்து எழுத்தில் ஒப்புதல் பெறுங்கள். அதற்குமுன் ஒரு பிரதியை எடுத்து அதன் ஹாஷ் மதிப்பை, அதாவது கோப்பு பிறகு மாற்றப்படவில்லை என்று காட்ட உதவும், கணினி கணக்கிட்டுத் தரும் குறியீட்டை, குறித்துவையுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் பிரிவு 63 மின்னணுச் சான்றுக்குக் கோரும் சான்றிதழில் அந்த மதிப்பைக் குறிப்பிட வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய சுருங்கிய காணொளி இதற்கு உதவாது. சர்வீசுக்குக் கொடுத்தே ஆக வேண்டுமானால், வரிசை எண், வெளித்தோற்றம், எந்த நிலையில் ஒப்படைக்கிறீர்கள் என்பவற்றை எழுதி, கழற்றிய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு கையொப்பம் வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

கைபேசிச் செயலியில் ‘கேமரா ஆஃப்லைன்’ என்ற அறிவிப்பு அன்றிரவே வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் அது நின்ற நேரத்துக்குச் சான்று. கூடவே, அறிந்த பிறகும் ஏன் யாரையும் வீட்டைப் பார்க்கச் சொல்லவில்லை என்ற குறுக்குக் கேள்விக்கும் அடித்தளம். இரண்டுக்கும் தயாராக இருங்கள், அழித்துவிட மட்டும் வேண்டாம்.

நகையின் மதிப்பு கிடைக்குமா என்றால், கிடைக்காது என்று எண்ணியே முடிவெடுங்கள். நகையை எடுத்தது திருடன். கேமரா ஓடியிருந்தாலும் அவன் முகம் பதிந்திருக்குமே தவிர, திருட்டு நின்றிருக்கும் என்று உங்களால் நிரூபிக்க முடியாது. ஒப்பந்தச் சட்டப் பிரிவு 73 தொலைவான, மறைமுகமான இழப்புக்கு ஈடு தருவதில்லை; நுகர்வோர் சட்டத்தின் பொருட்பொறுப்புப் பகுதியும் பொருளாதார இழப்பைத் தன் வரையறைக்கு வெளியே நிறுத்துகிறது. பெரிய தொகையைக் கேட்டு மனு போடுகிறவர்கள் நகைக் கடைச் சீட்டுகளைத் தேடியே சோர்ந்து, சுலபமாகக் கிடைத்திருக்கக்கூடிய கேமரா விலையையும் ஆண்டுக்கணக்கில் இழுத்தடிப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆகையால் என் யோசனை சமரசம்தான். கேமராக்களின் விலை, பொருத்துக்கூலி, அலைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை என்று மட்டும் கேட்டு இருவருக்கும் நோட்டீஸ் அனுப்புங்கள். வழக்கு மாவட்ட ஆணையத்துக்குப் போனாலும் மத்தியஸ்தத்துக்கு அனுப்பப்படலாம், அங்கும் பேசப்போவது இதே கணக்கைத்தான். பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதற்காக, வழக்குத் தொடுப்பதற்கு நுகர்வோர் சட்டப் பிரிவு 69 வைத்துள்ள இரண்டாண்டுக் காலவரையறை நின்று காத்திருக்காது. கடிதங்கள் அதை நீட்டிப்பதுமில்லை. வீட்டுத் திருட்டுக் காப்பீடு எடுத்திருந்தால், நகைக்கான உங்கள் உண்மையான வழி அதுவே. கேமராத் தரப்பினர் நீட்டும் ‘முழுமையான இறுதித் தீர்வு’ ரசீதில் கையெழுத்திடுவதற்கு முன் அதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் காட்டுங்கள். காப்பீட்டு நிறுவனம் உங்களுக்குப் பணம் தந்தபின் அதைப் பிறரிடம் வசூலிக்கும் உரிமையை நீங்கள் விட்டுக்கொடுத்துவிட்டதாகச் சொல்லி, உங்கள் கோரிக்கையையே அந்த நிறுவனம் மறுக்க அந்த ஒரு வரி போதும்.