டேங்க்கை மாற்றுவது எளிது, முள்ளை நகர வைப்பதுதான் வேலை

கேள்வி: என்னிடம் 1966ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் ஒன்று இருக்கிறது. பல வருடம் ஓடாமல் நின்ற வண்டி. டிக்கியைத் திறந்தாலே பெட்ரோல் வாடை அடிக்கிறது. எவ்வளவு ஊற்றினாலும் பெட்ரோல் முள் ‘காலி’யை விட்டு நகர்வதில்லை. புது டேங்க், அதற்குள் போகும் டேங்க் யூனிட் இரண்டையும் வாங்கிவிட்டேன். நானே மாற்றலாமா? எதிலெல்லாம் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: தாராளமாக மாற்றலாம். பழைய கார்களில் இந்த வேலைக்கு இவ்வளவு தோதான வண்டி குறைவு. பல கார்களில் டேங்க் இரண்டு பட்டைகளில் அடியில் தொங்கும். ஜாக் கொடுத்து, மல்லாந்து படுத்து, முகத்தில் மண் கொட்டக் கொட்ட இறக்க வேண்டும். உங்கள் மஸ்டாங்கில் டிக்கியின் தரையே டேங்க்கின் மேல்தகடுதான். சுற்றியுள்ள ஸ்க்ரூக்களைக் கழற்றினால் மேலே தூக்கி எடுத்துவிடலாம்.

ஆனால் நீங்கள் சொன்ன இரண்டு புகாருக்கும் காரணம் ஒன்றாகவே இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். முதலில் வாடை. பெட்ரோல் ஊற்றும் குழாய் பின்பக்கத் தகட்டின் நடுவில் நுழைந்து, டிக்கிக்குள் ஒரு தடித்த ரப்பர் ஹோஸ் வழியாக டேங்க்கோடு சேர்கிறது. அத்தனை வருடம் நின்ற வண்டியில் அந்த ஹோஸ் ஓடு மாதிரி இறுகி, கிளாம்ப்புக்கு அடியில் வெடித்திருக்கும். டிக்கி வாடைக்கு நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். டேங்க்கைப் புதிதாகப் போட்டுவிட்டுப் பழைய ஹோஸையே மாட்டினால் வாடை அப்படியே இருக்கும். ஹோஸ், கிளாம்ப், குழாய் பின்தகட்டில் உட்காரும் இடத்துக் கேஸ்கெட் மூன்றையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

அடுத்தது முள். டேங்க் யூனிட் என்பது பழைய ரேடியோவின் வால்யூம் திருகு மாதிரியான சமாச்சாரம்தான். ஒரு கம்பியின் நுனியில் மிதவை. மிதவை ஏறி இறங்க, மறுமுனையில் ஒரு தொடுப்பு சுருள்கம்பியின் மேல் நகர்ந்து ரெசிஸ்டன்ஸை மாற்றுகிறது. அக்கால ஃபோர்டுகளில் டேங்க் காலியானால் சுமார் 73 ஓம், நிறைந்தால் சுமார் 10 ஓம். டேஷ்போர்டில் இருக்கும் கேஜுக்குள் இரட்டை உலோகப் பட்டை ஒன்று உண்டு. கரண்ட் போனால் அது சூடாகி வளைந்து முள்ளைத் தள்ளும். சாவியைப் போட்டதும் முள் அவசரப்படாமல் ஏறுவது அதனால்தான். இந்தக் கேஜுக்கு பேட்டரியின் 12 வோல்ட் நேராகப் போகாது. டேஷ்போர்டின் பின்னால் உள்ள சின்ன ரெகுலேட்டர் விட்டுவிட்டுக் கொடுத்து, சராசரியாக 5 வோல்ட் ஆக்குகிறது. எனவே எந்தச் சோதனைக்காகவும் கேஜுக்கு நேரடியாக 12 வோல்ட் கொடுக்காதீர்கள், போய்விடும்.

இதிலிருந்து தெரிவது என்ன? இந்த வண்டியில் கரண்ட் எங்கே அறுந்தாலும் முள் ‘காலி’யில்தான் நிற்கும். சுருள்கம்பி எரிந்திருக்கலாம், மிதவை ஓட்டையாகி மூழ்கியிருக்கலாம், வயர் அறுந்திருக்கலாம், எர்த் போயிருக்கலாம், கேஜே செத்திருக்கலாம். புது யூனிட் வாங்கியதால் முதல் இரண்டுக்கு மட்டுமே மருந்து கிடைத்திருக்கிறது. வெப்பநிலை முள்ளும் இதே ரெகுலேட்டரில்தான் ஓடுகிறது. அது ஒழுங்காக ஏறினால் ரெகுலேட்டரை விட்டுவிடலாம். இரண்டு முள்ளும் படுத்துக் கிடந்தால் அங்கே போய்ப் பாருங்கள்.

சோதனையை எப்போது செய்வது? டேங்க்கை வெளியே எடுத்து, தூரமாக வைத்து, வாடையெல்லாம் போன பிறகு. பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் வயரை உரசிப் பார்க்கும் வேலை வேண்டவே வேண்டாம். அதனால் முதலில் கழற்றும் வேலையைச் சொல்லிவிடுகிறேன்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து, பள்ளத்தில் போய்த் தங்கும். மைனஸ் 40 டிகிரிக் குளிரில்கூடப் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவியாகும். ஆகவே சர்வீஸ் பள்ளத்துக்கு மேல் இந்த வேலை கூடாது, திறந்தவெளிதான் சரி. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். குண்டு பல்ப் போட்ட கைவிளக்கு வேண்டாம், கீழே விழுந்து உடைந்தால் அந்த இழை ஒன்றே போதும். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். இன்னொன்று: நிறைந்த டேங்க்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்து, உள்ளே முழுக்க ஆவி. கழற்றிய பழைய டேங்க்கில் யாராவது ‘சின்னதா ஒரு வெல்டிங்’ என்று ஆரம்பித்தால் டேங்க்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

இந்த டேங்க் சுமார் 60 லிட்டர் பிடிக்கும். நிறைந்திருந்தால் பெட்ரோல் மட்டுமே 45 கிலோ, எனவே வடித்துவிட்டே தூக்க வேண்டும். சில டேங்க்குகளில் அடியில் வடிகால் திருகு இருக்கும். இல்லையென்றால் கைப்பம்ப் போட்டு எடுங்கள். வாயால் உறிஞ்சும் பழக்கம் வேண்டாம். டேங்க் யூனிட் டேங்க்கின் முன்முகத்தில், வண்டிக்கு அடியிலிருந்து கை போகும் இடத்தில் இருக்கிறது. என்ஜினுக்குப் போகும் பெட்ரோல் குழாயும் அதன் வழியாகத்தான் வருகிறது. அங்கே ஒற்றை வயரையும் ஹோஸையும் கழற்றுங்கள். டிக்கிக்குள் ஊற்றுகுழாய் ஹோஸைக் கழற்றி, ஸ்க்ரூக்களை எடுங்கள். விளிம்புக்கு அடியில் இருக்கும் பழைய சீல் பசை கெட்டியாகப் பிடித்திருக்கும். மரத்துண்டு வைத்துப் பொறுமையாக நெம்பினால் விட்டுக்கொடுக்கும்.

பழைய யூனிட்டைக் கழற்றி வையுங்கள், எறிந்துவிட வேண்டாம். யூனிட்டை டேங்க்கோடு பிடித்து வைத்திருக்கும் வளையமான லாக் ரிங்கைப் பித்தளைக் கம்பியோ மரக்கட்டையோ வைத்துத் தட்டுங்கள். இரும்பில் இரும்பு பட்டால் பொறி பறக்கும். வெளியே வந்த பித்தளை மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள். ‘சளக் சளக்’ என்றால் உள்ளே பெட்ரோல் புகுந்திருக்கிறது, முள் படுத்த கதை அங்கேயே தெரிந்துவிடும். அந்த மிதவையை ஈயம் வைத்து ஒட்டப் பார்க்காதீர்கள். உள்ளே இருப்பது பெட்ரோல்.

இப்போது புது யூனிட்டை மேசையில் வைத்து, மல்டிமீட்டரின் ஒரு முனையை வயர் மாட்டும் திருகிலும் இன்னொன்றை யூனிட்டின் தகட்டிலும் பிடியுங்கள். மிதவைக் கையை அடியிலிருந்து உச்சிவரை மெதுவாக நகர்த்துங்கள். எழுபது சொச்சத்தில் தொடங்கி பத்தின் பக்கத்தில் முடிய வேண்டும். நடுவில் எண் காணாமல் போனாலோ தாவினாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடியில் 0, உச்சியில் 90 காட்டினால் அது ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிக்கானது. உங்கள் வண்டியில் அதை மாட்டினால் டேங்க் காலியாகக் காலியாக முள் ‘ஃபுல்’லை நோக்கிப் போகும். பிறகு பழைய யூனிட்டின் பக்கத்தில் வைத்து, கம்பியின் நீளம், வளைவு, உறிஞ்சுகுழாயின் தடிமன் எல்லாம் ஒன்றா என்று பாருங்கள்.

அப்புறம் பேட்டரியை மாட்டி, வண்டியின் வயரைப் புது யூனிட்டில் செருகுங்கள். தகட்டிலிருந்து பாடிக்குத் தனியாக ஒரு எர்த் வயர் கொடுங்கள். சாவியைப் போட்டு மிதவையைத் தூக்கிப் பிடித்து, முப்பது எண்ணும்வரை காத்திருங்கள். முள் ‘ஃபுல்’லுக்கு வந்தால் கேஜ், வயர், யூனிட் மூன்றும் நலம். வரவில்லையென்றால் யூனிட்டுக்குப் பதிலாக, இரண்டு வாட் தாங்கும் 10 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வயருக்கும் பாடிக்கும் நடுவே வையுங்கள். அப்போதும் முள் ஏறாவிட்டால் கோளாறு வயரிலோ கேஜிலோதான். சிலர் வயரை நேராகப் பாடியில் தொட்டுப் பார்ப்பார்கள். அதிகநேரம் பிடித்தால் கேஜ் கெட்டுவிடும்.

இந்தச் சோதனையை ஒருமுறை சோம்பல்பட்டு விட்டுவிட்டேன். டேங்க்கை மாட்டி 20 லிட்டர் ஊற்றிய பிறகும் முள் அசையவில்லை. எல்லாவற்றையும் வடித்துத் திரும்பக் கழற்றிப் பார்த்தால் யூனிட்டில் ஒரு குறையும் இல்லை. அழகாக இருக்கட்டும் என்று நானே டேங்க் முழுக்க அடித்த கறுப்புப் பெயின்ட்தான் குற்றவாளி. யூனிட்டின் எர்த், லாக் ரிங் வழியாக டேங்க்குக்கும், அங்கிருந்து ஸ்க்ரூ வழியாகப் பாடிக்கும் போக வேண்டும். பெயின்ட்டும் சீல் பட்டையும் நடுவில் நின்றுகொண்டால் எங்கே போகும்? அன்றிலிருந்து ஒரு ஸ்க்ரூ உட்காரும் இடத்தில் டேங்க்கையும் பாடியையும் பளபளவென்று சுரண்டி விடுகிறேன். மாட்டிய பிறகு யூனிட் தகட்டுக்கும் பாடிக்கும் நடுவே ஓம் பாருங்கள், ஒன்றுக்குக் கீழே வர வேண்டும்.

புது டேங்க்கின் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். தயாரிப்பின்போது விழுந்த உலோகச் சீவல் கிடக்கும். கொஞ்சம் பெட்ரோல் விட்டு அலசிக் கொட்டுங்கள். துவாரங்களில் பிளாஸ்டிக் மூடி செருகியிருந்தால் எடுத்துவிடுங்கள், அதோடு மாட்டியவர்களும் உண்டு. யூனிட்டைப் புது ரப்பர் கேஸ்கெட்டோடு செருகி ரிங்கைத் தட்டி இறுக்கினால் போதும். சிலிகான் பசை மட்டும் தடவாதீர்கள். பெட்ரோலில் ஊறிப் பிய்ந்து, துணுக்கு துணுக்காகக் கார்புரேட்டருக்குப் போய்ச் சேரும். டேங்க் விளிம்பின் கீழே சீல் பட்டையைச் சுற்றிலும் இடைவெளியில்லாமல் ஒட்டுங்கள். அதுதான் டிக்கித் தரைக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருக்கும் ஒரே தடுப்பு. இடைவெளி விட்டால் மழைத்தண்ணீரும் சைலன்சர் புகையும் உள்ளே வரும்.

பழைய டேங்க்கின் துரு குழாயிலும் போயிருக்கும். என்ஜின் பக்கம் பெட்ரோல் பம்ப்பில் குழாயைக் கழற்றி, பின்பக்கம் ஒரு டப்பா வைத்து, முன்னிருந்து பின்னாக ஊதுங்கள். ரப்பர் ஹோஸ்களை எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றுங்கள். ஃபில்டரை இப்போதே ஒரு தடவை, கொஞ்சநாள் ஓடிய பிறகு இன்னொரு தடவை மாற்றுவது நல்லது. மூடியும் முக்கியம்: இந்த வண்டிக்குக் காற்றுத்துளை உள்ள மூடிதான் வேண்டும். துளையில்லாத பூட்டு மூடியைப் போட்டால் பெட்ரோல் குறையக் குறைய டேங்க்குக்குள் வெற்றிடம் உண்டாகி, நல்லா ஓடிக்கொண்டிருந்த வண்டி நடுவழியில் மூச்சுத் திணறி நிற்கும். மூடியைத் திறந்தால் ‘ஸ்ஸ்’ என்று காற்றை இழுப்பதில் தெரிந்துவிடும்.

முதல் தடவையே டேங்க்கை நிரப்ப வேண்டாம். ஐந்து லிட்டர் விட்டு, அடியில் படுத்து யூனிட்டைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள். யூனிட் முன்முகத்தில் இருப்பதால் பெட்ரோல் அந்த உயரத்துக்கு வந்தால்தான் கசிவு தெரியும். எனவே 20 லிட்டரிலும் 40 லிட்டரிலும் மறுபடி பாருங்கள். ஊற்றும் ஒவ்வொரு முறையும் முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பாதி ஊற்றியும் முள் கால்வாசியே காட்டினால் மிதவைக் கம்பியைக் கொஞ்சம் வளைக்க வேண்டியிருக்கும். ஐந்து லிட்டர் கூடக் குறைய இருந்தால் நான் அதைத் தொடமாட்டேன், அந்தக் காலத்து முள் அவ்வளவுதான் சொல்லும்.

கடைசியாக ‘ஃபுல்’ அடித்து, டிக்கியை மூடி, ஒரு இரவு விடுங்கள். காலையில் திறந்ததும் முகர்ந்து பாருங்கள். வாடை இன்னும் இருந்தால் ஊற்றுகுழாய் ஹோஸின் கீழ்க் கிளாம்ப்பை இன்னும் அரைச் சுற்று இறுக்கிப் பாருங்கள்.